உஷார்! ‘வீடியோ எடுத்துட்டேன், உங்க அப்பாவுக்கு அனுப்பவா?’

2024 டிசம்பர் 23, திங்கட்கிழமை. இரவு எட்டு மணி வாக்கில் கிண்டி அண்ணா பல்கலைக்கழக வளாகத்துக்குள் ஒரு மாணவியும் அவருடைய நண்பரும் பேசிக்கொண்டிருக்கிறார்கள். ஊர் அடங்கிய நள்ளிரவு இல்லை. ஆளில்லாத காடும் இல்லை. சென்னையின் நடுவே, வாசலில் காவலாளிகள் நிற்கும் பல்கலைக்கழகம். அங்கே ஒரு ஆள் வந்து நிற்கிறான். ‘நீங்க ரெண்டு பேரும் இருந்ததை வீடியோ எடுத்துட்டேன்’ என்கிறான். டீனிடம் காட்டினால் டிசி கொடுத்துவிடுவார்கள் என்கிறான். வீட்டுக்கு அனுப்பிவிடுவேன் என்கிறான். நண்பரை மிரட்டி விரட்டுகிறான். நடுவே போனைக் காதில் வைத்து, யாரோ ஒரு ‘சார்’ மறுமுனையில் இருப்பதுபோல் பேசுகிறான். அதற்குப் பிறகு அந்த மாணவிக்கு நடந்த கொடுமை நாடறிந்தது.

‘யார் அந்த சார்?’ என்று தமிழ்நாடே மாதக்கணக்கில் கேட்டது. அந்த போன் அப்போது ஃப்ளைட் மோடில் இருந்தது என்றும், மறுமுனையில் யாருமே இல்லை என்றும் விசாரணை சொன்னது. இந்தத் தகவலைப் படித்துவிட்டுக் கடந்துபோய்விடாதீர்கள். மிரட்ட வந்தவனுக்கு ஒரு கூட்டாளிகூடத் தேவைப்படவில்லை. பின்னால் பெரிய இடம் இருக்கிறது என்று நம்பவைத்தால் போதும், அந்தப் பெண் உறைந்துபோவாள் என்பது அவனுக்குத் தெரிந்திருந்தது. கல்லூரி நிர்வாகம் தனக்குத் துணையாக வராது, தன்மீதுதான் பாயும் என்று நம் பிள்ளைகள் நினைக்கிறார்கள் என்பதும் தெரிந்திருந்தது. அவன் கோட்டூர்புரத்துக்காரன், பிரியாணிக் கடை நடத்தியவன். உளவியல் படித்தவன் இல்லை. அவனுக்கே தெரிந்த இந்த விஷயம் நம் கல்லூரி முதல்வர்களுக்கும் பெற்றோருக்கும் இன்னும் உறைக்கவில்லையே என்பதுதான் என் பதைப்பு.

பொள்ளாச்சியை நினைத்துப் பாருங்கள். அங்கேயும் இதே கதைதான். பழகி, நம்பவைத்து, வரவழைத்து, வீடியோ எடுத்து, அதைக் காட்டியே திரும்பத் திரும்ப மிரட்டியது ஒரு கும்பல். ஆண்டுக்கணக்கில் அவர்களால் அதைச் செய்ய முடிந்ததற்குக் காரணம், சிக்கிய பெண்கள் வீட்டில் வாய் திறக்க முடியாமல் இருந்ததுதான். 2019 பிப்ரவரியில் பத்தொன்பது வயதுக் கல்லூரி மாணவி ஒருவர் தன் வீட்டாரிடம் சொன்னார். புகார் கொடுத்தார்கள். அந்த ஒரு புகாரில்தான் எல்லாம் சரிந்தது. 2025 மே 13 அன்று கோவை மகளிர் நீதிமன்றம் 9 பேருக்கும் சாகும்வரை ஆயுள் தண்டனை விதித்தது. போனிலிருந்து அழித்துவிட்டதாக அவர்கள் நினைத்த வீடியோக்களை மீட்டெடுத்து, அவற்றையே அவர்களுக்கு எதிரான சாட்சியாக்கினார்கள். எந்த வீடியோவை வைத்து மிரட்டினார்களோ, அந்த வீடியோதான் அவர்களை உள்ளே தள்ளியது.

அண்ணா பல்கலைக்கழக மாணவியும் அடுத்த நாளே போலீஸுக்குப் போனார். மிரட்டலை மீறிப் போனார். அதற்கடுத்த நாள் அவன் பிடிபட்டான். 2025 மே 28-ல் குற்றவாளி என்று தீர்ப்பு. ஜூன் 2-ல் ஆயுள் தண்டனை. 30 ஆண்டுகளுக்குக் குறையாமல், எந்தச் சலுகையும் இல்லாமல் உள்ளே இருக்க வேண்டும். சம்பவம் நடந்து ஆறு மாதம் முடிவதற்குள் தண்டனையே வந்துவிட்டது. நம் ஊரில் இது எவ்வளவு அபூர்வம் என்று கோர்ட் வாசல் ஏறி இறங்கியவர்களுக்குத் தெரியும். அந்தப் பெண் ஒரு வாரம் தயங்கியிருந்தால்? தடயம் போயிருக்கும். அவன் மறுபடி வந்திருப்பான்.

அதனால் மாணவிகளே, மாணவர்களே, முதலில் உங்களிடம்.

வளாகத்துக்குள் யாராவது வந்து, ‘நான் செக்யூரிட்டி’, ‘நான் ஸ்டாஃப்’, ‘நான் மஃப்டி போலீஸ்’ என்று அதட்டினால், நின்ற இடத்திலேயே விளக்கம் சொல்ல ஆரம்பிக்காதீர்கள். ‘சரி சார், வாங்க, மெயின் கேட் செக்யூரிட்டி ரூம்ல போய்ப் பேசிக்கலாம்’ என்று சத்தமாகச் சொல்லிவிட்டு வெளிச்சமும் ஆட்களும் இருக்கும் பக்கம் நடங்கள். உண்மையான காவலாளி கூட வருவார். இல்லாதவன் வர மாட்டான். ஐடி கார்டைக் கொடு, போனைக் கொடு, அப்பா நம்பரைச் சொல் என்று கேட்டால் கொடுக்காதீர்கள். அவனுக்கு வேண்டியது அந்த நம்பர்தான். அது கையில் வந்துவிட்டால் உங்கள் வீட்டையே கையில் பிடித்த மாதிரி. கூட இருக்கும் நண்பரோ தோழியோ, ‘நீ மட்டும் போ’ என்று விரட்டப்பட்டால், விலகிய அடுத்த நொடி 112-க்கு அடிக்க வேண்டும். வார்டனைத் தேடிப் போகும் யோசனையெல்லாம் பிறகு. ‘இன்ன கல்லூரி, இன்ன கட்டடத்துக்குப் பின்னால், ஒரு பெண்ணை மிரட்டிக்கொண்டிருக்கிறான்’ என்று மூன்று விவரம் போதும்.

ஆனால், கையில் கத்தி இருந்தால், ஆள் முரட்டுத்தனமாக இருந்தால், இதில் எதையும் செய்ய முடியாமல் போகலாம். அப்போது உயிர் பிழைப்பதுதான் ஒரே வேலை. கத்தாமல் இருந்தது, ஓடாமல் இருந்தது, அவன் கேட்டதைக் கொடுத்தது எதுவும் உங்கள் குற்றம் ஆகாது. சட்டமும் அப்படித்தான் சொல்கிறது. எதிர்த்துப் போராடவில்லை என்பதால் மட்டும் சம்மதித்ததாக ஆகிவிடாது என்று அதிலேயே எழுதியிருக்கிறது.

பிறகு என்ன செய்வது? குளிக்க வேண்டும்போலத்தான் இருக்கும், உடுத்திய துணியை எரிக்க வேண்டும்போல இருக்கும். தயவுசெய்து செய்யாதீர்கள். அந்தத் துணியை மடித்துக் காகிதப் பையில் போடுங்கள். பிளாஸ்டிக் கவர் வேண்டாம், ஈரம் தங்கித் தடயம் கெட்டுவிடும். எந்த ஆஸ்பத்திரிக்கும் போகலாம். அரசு ஆஸ்பத்திரி, தனியார் ஆஸ்பத்திரி எதுவானாலும் பாலியல் வன்கொடுமைக்கு ஆளானவருக்கு உடனே இலவசமாகச் சிகிச்சை தர வேண்டும் என்பது சட்டம். ‘முதல்ல போலீஸ்ல எழுதி வாங்கிட்டு வாங்க’ என்று திருப்பி அனுப்பினால் அது தண்டனைக்குரிய குற்றம். போலீஸ் ஸ்டேஷனும் அப்படித்தான். ‘இது எங்க லிமிட் இல்லம்மா’ என்ற பேச்சே இனி செல்லாது. 2024 ஜூலை 1 முதல் நடைமுறைக்கு வந்த பிஎன்எஸ்எஸ் (பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதா) சட்டத்தின் 173-வது பிரிவின்படி, சம்பவம் எங்கே நடந்திருந்தாலும் எந்த ஸ்டேஷனிலும் புகாரைப் பதிவு செய்ய வேண்டும். ஜீரோ எஃப்ஐஆர் என்பார்கள். பெண் கொடுக்கும் பாலியல் குற்றப் புகாரைப் பெண் போலீஸோ வேறு பெண் அதிகாரியோதான் எழுதிக்கொள்ள வேண்டும். எஃப்ஐஆர் நகல் இலவசமாக வாங்கலாம், வாங்காமல் வராதீர்கள்.

இங்கே ஒரு முக்கியமான விஷயம் பலருக்குத் தெரியவில்லை. பிளஸ் டூ முடித்து வரும் முதலாம் ஆண்டுப் பிள்ளைகள் பலருக்குப் பதினேழு வயதுதான். பதினெட்டு முடியாதவர் யாராக இருந்தாலும், ஆணோ பெண்ணோ, போக்சோ சட்டத்தின் பார்வையில் குழந்தைதான். குற்றம் நடந்தது தெரிந்தும் புகார் கொடுக்காமல் மறைக்கும் பேராசிரியரோ வார்டனோ முதல்வரோ, அந்தச் சட்டத்தில் அவர்களே குற்றவாளி. ‘காலேஜ் பேர் கெட்டுடும், நமக்குள்ளேயே முடிச்சிக்கலாம்’ என்று சமரசம் பேசும் பெரியவர்களுக்கு இதை எழுதிக் காட்டுங்கள்.

புகார் கொடுத்தால் பெயர் வெளியே வந்துவிடுமே என்ற பயம் நியாயமானது. நியாயமில்லை என்று நான் சொல்லப்போவதில்லை, ஏனென்றால் இரண்டு முறையும் அது நடந்தது. பொள்ளாச்சி வழக்கில் அரசு ஆணையிலேயே பாதிக்கப்பட்டவரின் அடையாளம் வெளிப்பட்டது. உயர் நீதிமன்ற மதுரைக் கிளை 25 லட்சம் ரூபாய் இழப்பீடு தர உத்தரவிட்டது. ஐந்து ஆண்டுகள் கழித்து அண்ணா பல்கலைக்கழக வழக்கில் எஃப்ஐஆரே இணையத்தில் கசிந்தது. சென்னை உயர் நீதிமன்றம் மூன்று பெண் ஐபிஎஸ் அதிகாரிகள் கொண்ட சிறப்புக் குழுவை அமைத்தது. மறுபடி அதே 25 லட்சம் இழப்பீடு. அந்த எஃப்ஐஆர் எழுதப்பட்டிருந்த விதமே பாதிக்கப்பட்டவரைக் குறை சொல்வதுபோல் இருக்கிறது என்று நீதிபதிகள் கண்டித்தார்கள். அரசு இயந்திரம் ஒரே தவறை இரண்டு முறை செய்தது மன்னிக்க முடியாதது.

ஆனால் அதைப் பரப்பியது யார்? வாட்ஸ்அப் குரூப்பில் ‘அந்தப் பொண்ணோட எஃப்ஐஆர் வந்திருக்கு’ என்று பார்வேர்ட் செய்த கைகள் நம்முடையவை. பிஎன்எஸ் (பாரதிய நியாய சன்ஹிதா) சட்டத்தின் 72-வது பிரிவின்படி, பாதிக்கப்பட்டவரை அடையாளம் காட்டும் எதையும் வெளியிட்டால் இரண்டு ஆண்டு வரை சிறை. உங்கள் கிளாஸ் குரூப்பில் அப்படி ஒன்று வந்தால் அழித்துவிடுங்கள், போட்டவரையும் அழிக்கச் சொல்லுங்கள். அடுத்த பெண் புகார் கொடுப்பாளா மாட்டாளா என்பது இந்தப் பார்வேர்டிலும் இருக்கிறது.

அடுத்து போன் வழியாக வரும் மிரட்டல். இதற்கு அவன் வளாகத்துக்குள் காலடி வைக்கக்கூட வேண்டாம். முன்னாள் காதலன் அனுப்புவான். இன்ஸ்டாகிராமில் பழகியவன் அனுப்புவான். முகத்தை மட்டும் வெட்டி வேறு உடலில் ஒட்டிய படத்தைக் கடன் ஆப் கும்பல் அனுப்பும். ஃபீஸ் கட்ட, ஃபெஸ்ட்டுக்குப் போக, புது போன் வாங்க என்று அவசரத்துக்கு மூவாயிரம் ரூபாய் கடன் வாங்கிய பையனின் கான்டாக்ட் லிஸ்ட் முழுக்க அந்தப் படம் போகும். இது பெண் பிள்ளைகளுக்கு மட்டும் வரும் ஆபத்து இல்லை. வீடியோ காலில் ஆசை காட்டிப் பதிவு செய்து பணம் கேட்கும் வலையில் விழுபவர்களில் பையன்கள் நிறைய. அவர்கள் வெளியே சொல்வதே இல்லை.

மூன்று காரியம் செய்யுங்கள். பணம் கொடுக்காதீர்கள். ஒருமுறை கொடுத்தால் நீங்கள் கொடுப்பவர் என்று தெரிந்துவிடும், தொகை ஏறிக்கொண்டே போகும். சாட்டை அழிக்காதீர்கள். பதறிப்போய் எல்லாவற்றையும் டெலீட் செய்துவிட்டு வருகிறவர்கள் ஏராளம். நம்பர், யூசர் நேம், லிங்க், தேதி, நேரம் தெரியும்படி ஸ்கிரீன்ஷாட் எடுத்து நம்பகமான ஒருவருக்கு அனுப்பிவிட்டுப் பிறகு பிளாக் செய்யுங்கள். மூன்றாவது, 1930-க்குப் போன் செய்யுங்கள் அல்லது தேசிய சைபர் குற்றத் தளத்தில் பதியுங்கள். பெண்கள், குழந்தைகள் சார்ந்த குற்றங்களைப் பெயர் சொல்லாமலே புகார் செய்ய அங்கே வழி இருக்கிறது. அந்தரங்கப் படம் வெளியாகிவிட்டால், அது வெளியான சமூக ஊடகத்தில் இருக்கும் புகார் வசதியில் உடனே எழுதுங்கள். 2021-ல் வந்த தகவல் தொழில்நுட்ப விதிகள், அப்படிப்பட்ட படத்தைப் புகார் வந்த 24 மணி நேரத்துக்குள் நீக்கியாக வேண்டும் என்று நிறுவனங்களுக்குக் கெடு வைத்தன. படம் இன்னும் வெளியாகவில்லை, மிரட்டல் மட்டும்தான் என்றால் ‘ஸ்டாப் என்சிஐஐ’ என்ற சர்வதேச இலவசத் தளம் இருக்கிறது. பதினெட்டு வயது கடந்தவர்களுக்கானது. படம் உங்கள் போனை விட்டு எங்கேயும் போகாது. அதன் கைரேகை போன்ற ஒரு எண் மட்டும் உருவாகி, ஃபேஸ்புக், இன்ஸ்டாகிராம் போன்ற தளங்களுக்குப் போகும். பிறகு யாராவது அதை அங்கே ஏற்ற முயன்றால் தடுத்துவிட முடியும்.

இன்னொரு வலை, இப்போது கல்லூரிப் பிள்ளைகளைக் குறிவைத்து வீசப்படுகிறது. ‘மச்சி, உன் அக்கவுண்ட்டை ஒரு வாரம் கொடு, ஐயாயிரம் தர்றேன்.’ பாஸ்புக், ஏடிஎம் கார்டு, சிம் மூன்றையும் வாங்கிக்கொள்வார்கள். எங்கேயோ ஒரு பெரியவரை மிரட்டிப் பறித்த பணம் உங்கள் அக்கவுண்ட் வழியாகப் போகும். போலீஸ் முதலில் தேடி வருவது அக்கவுண்ட் யார் பெயரில் இருக்கிறதோ அவரைத்தான். தெரியாமல் கொடுத்துவிட்டேன் என்று ஸ்டேஷனில் அழும் நிலை எந்தப் பிள்ளைக்கும் வர வேண்டாம். கொடுத்துவிட்டீர்களா? இன்றே பேங்க்குக்குப் போய் அக்கவுண்ட்டை முடக்கச் சொல்லுங்கள், நீங்களே 1930-ல் சொல்லுங்கள்.

திருட்டைப் பற்றியும் சொல்ல வேண்டும். ஹாஸ்டலில் லேப்டாப் காணாமல் போனால் ‘கவனமா வெச்சிருந்திருக்கணும்’ என்று வார்டன் திட்டுவதோடு முடிந்துவிடுகிறது. 2020 கடைசியில் குஜராத்தின் ஜாம்நகரில் ஒரு இளைஞர் பிடிபட்டார், தமிழ்நாட்டுக்காரர். பல மாநிலங்களில் மருத்துவக் கல்லூரி விடுதிகளுக்குள் மாணவரைப்போல நுழைந்து நூற்றுக்கணக்கான லேப்டாப்களைத் திருடியதாகப் போலீஸ் சொன்னது. எத்தனை கேட்டைத் தாண்டியிருக்க வேண்டும், எத்தனை பேர் ‘யார் தம்பி நீ?’ என்று கேட்காமல் விட்டிருக்க வேண்டும்! அண்ணா பல்கலைக்கழக வழக்கில் தண்டனை பெற்றவன் மீதும் முன்பே பல திருட்டு வழக்குகள் இருந்தன. லேப்டாப் திருடன் நுழைய முடிகிற சுவர் இடுக்கில் எவனும் நுழைவான். ஆகவே சார்ஜர் போனாலும் எழுத்தில் புகார் கொடுங்கள். எந்த வழியாக வந்திருப்பான் என்பதையும் எழுதுங்கள்.

ராகிங்கும் பயத்திலேயே பிழைக்கும் குற்றம்தான். 1996 நவம்பரில் சிதம்பரம் அண்ணாமலைப் பல்கலைக்கழகத்தில் முதலாம் ஆண்டு மருத்துவ மாணவர் பொன் நாவரசு கொல்லப்பட்ட பிறகு, தமிழ்நாடு 1997-ல் தனிச் சட்டமே கொண்டுவந்தது. அதில் எனக்கு மிக முக்கியமாகப் படுவது ஒரு பிரிவு: ராகிங் புகார் வந்தும் நடவடிக்கை எடுக்காத நிறுவனத் தலைவர், அந்தக் குற்றத்துக்கு உடந்தையாக இருந்தவராகக் கருதப்படுவார். தேசிய ராகிங் தடுப்பு எண் 1800-180-5522.

இனி நிர்வாகத்தினருக்கு. ஒரு சம்பவம் நடந்ததும் நீங்கள் செய்கிற முதல் காரியம், பெண்கள் விடுதிக் கேட்டை ஒன்பது மணியிலிருந்து ஏழு மணிக்கு மாற்றுவது. லைப்ரரிக்குப் போக அவுட்பாஸ், அவுட்பாஸுக்கு அப்பாவின் போன் அழைப்பு. ஆணும் பெண்ணும் சேர்ந்து நின்றால் ஐடி கார்டைப் பிடுங்கி, ‘பேரன்ட்ஸைக் கூட்டிட்டு வா’. இதையெல்லாம் பாதுகாப்பு என்று நீங்கள் நம்பினால், தயவுசெய்து அந்த டிசம்பர் இரவை மறுபடி யோசியுங்கள். அவன் பேசியது முழுக்க உங்கள் வசனம். நீங்கள் வருடக்கணக்கில் பிள்ளைகளிடம் சொல்லிப் பழக்கிய அதே டிசி, அதே ‘வீட்டுக்குச் சொல்லிடுவேன்’ ஆகியவற்றை அவன் எடுத்து வீசினான். யுஜிசி என்ற பல்கலைக்கழக மானியக் குழுவின் ‘2015 விதிமுறைகள்’ இதைத் தெளிவாகச் சொல்கின்றன: மாணவிகளின் பாதுகாப்பைக் காரணம் காட்டி, மாணவர்களுக்கு இல்லாத கட்டுப்பாடுகளைப் பெண்கள் விடுதியில் போடக் கூடாது. போதுமான வெளிச்சமும் பாதுகாப்பான போக்குவரத்தும் தருவது நிறுவனத்தின் கடமை. கல்லூரிப் பேருந்து, ஐவி என்று பிள்ளைகள் சொல்லும் தொழிற்சாலைப் பயணம், இன்டர்ன்ஷிப் எல்லாமே ‘வளாகம்’ என்ற கணக்கில் வரும்.

அதே விதிமுறைகள்தான் உள் புகார்க் குழுவைக் கட்டாயமாக்குகின்றன. மூத்த பெண் பேராசிரியர் ஒருவர் தலைமை, பாதிக்குக் குறையாமல் பெண்கள், வெளியிலிருந்து ஒருவர், மாணவர் தொடர்பான புகார் என்றால் மாணவப் பிரதிநிதிகள். நடந்த மூன்று மாதத்துக்குள் எழுத்தில் புகார் கொடுக்கலாம், காரணம் இருந்தால் மேலும் மூன்று மாதம் தரலாம். 90 நாளில் விசாரணை முடிய வேண்டும். இந்தக் குழுவிடம் போனால் போலீஸுக்குப் போகக் கூடாது என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள். இரண்டு கதவும் திறந்தே இருக்கின்றன.

எரியாத விளக்குகளை மாணவர்களே கணக்கெடுக்கலாம். ஒரு சாயங்காலம் நாலு பேராக நடந்துபோய், எந்தக் கம்பத்தில் பல்பு போயிருக்கிறது, எங்கே புதர் மண்டிக் கிடக்கிறது, எந்தச் சுவர் இடிந்திருக்கிறது, எந்த கேமரா வானத்தைப் பார்த்துக்கொண்டிருக்கிறது என்று போட்டோவோடு எழுதி, முதல்வருக்கும் உள் புகார்க் குழுவுக்கும் மின்னஞ்சலில் அனுப்புங்கள். வாயால் சொன்னது காற்றோடு போய்விடும். தேதியோடு எழுதிக் கொடுத்த கடிதம் இருந்தால், நாளைக்கு ‘எங்களுக்குத் தெரியாது’ என்று யாரும் கைகழுவ முடியாது.

அம்மாக்களே, அப்பாக்களே, கடைசியாக உங்களிடம் வருகிறேன். உண்மையில் முதலிலேயே உங்களிடம்தான் வந்திருக்க வேண்டும். இன்று ராத்திரி பிள்ளைக்குப் போன் பண்ணும்போது, ‘சாப்பிட்டியா?’ கேட்டு முடித்த பிறகு, இதையும் சொல்லுங்கள்: ‘யாராவது உன்னைப் பத்தி எங்ககிட்ட எதையாவது காட்டுறேன்னு மிரட்டினா, காட்டட்டும்னு சொல்லிடு கண்ணு. அப்பா உன்மேல கோவப்பட மாட்டேன். எந்த நேரமானாலும் கூப்பிடு, நான் வர்றேன்.’ பையனிடமும் இதையே சொல்லுங்கள். யாருடன் இருந்தாய், ஏன் அங்கே போனாய் என்ற கேள்விகளை அந்த நேரத்தில் கேட்க மாட்டேன் என்று வாக்குக் கொடுங்கள். கொடுத்தால் காப்பாற்றுங்கள். மிரட்டுகிறவன் கையில் இருக்கும் வீடியோவுக்கு விலை வைப்பது உங்கள் கோபம்தான்.

112 அவசர உதவி. 181 பெண்களுக்கு. 1098 பதினெட்டு வயதுக்குக் கீழே உள்ளவர்களுக்கு. 1930 சைபர் குற்றங்களுக்கு. தமிழ்நாடு காவல்துறையின் ‘காவல் உதவி’ செயலியைப் போனில் ஏற்றி, நம்பர் பதிந்து, அந்தச் சிவப்புப் பொத்தான் எங்கே இருக்கிறது என்று ஒருமுறை பார்த்து வையுங்கள். பல போன்களில் பவர் பட்டனை ஐந்து முறை அழுத்தினாலே அவசர அழைப்பு போகும்படி செட்டிங்ஸில் வைக்கலாம்.

ஜூன், ஜூலையில் அட்மிஷனுக்குப் போகிறவர்கள், பிளேஸ்மென்ட் எத்தனை சதவீதம் என்று கேட்கும் அதே மேஜையில் இதையும் கேளுங்கள்: உள் புகார்க் குழுவில் யார் யார் இருக்கிறார்கள், அவர்கள் பெயரும் போன் நம்பரும் எந்தப் பலகையில் எழுதியிருக்கிறது, கடைசியாக எப்போது கூடினார்கள், ராத்திரி பத்து மணிக்குப் பிள்ளை கூப்பிட்டால் போன் எடுக்கப்போவது யார்? பெயரைச் சொன்னால் அங்கேயே குறித்துக்கொள்ளுங்கள். அந்த நம்பருக்கு அங்கிருந்தே ஒருமுறை அடித்துப் பாருங்கள்.